நீ விற்ற லென்ஸை வாங்கியவள்

மகனே,

கலியாண அட்டைகள் வந்து சேர்ந்தன. தடித்த கடதாசி, பொன்னிற எழுத்து, அப்பாவின் பெயருக்கு முன்னால் திரு, என் பெயருக்கு முன்னால் திருமதி. சாணம் மணக்கும் இந்த வீட்டுக்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன் வந்ததில்லை. "அம்மா, கலியாணக் காட் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே, என்னோட கோவமோ?" என்று நீ தொலைபேசியில் கேட்டாய். பால் கறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் விசயம் தெரிந்த அன்றைக்கே உன் அறைக்கு வந்து இரண்டு அறை தந்துவிட்டு, நீ வாங்கித் தரும் சோற்றையும் தின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன். எனக்கு இப்போது உன்னை நினைத்தால் இளப்பமாக இருக்கிறது. அதுதான் உண்மை. பெற்ற பிள்ளையை இளப்பமாக நினைப்பது எப்படி இருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன், உன் புண்ணியத்தில்.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். உன் பெயரும் இராது, என் பெயரும் இராது. பயப்படாதே, உன் வியாபாரம் படுத்துவிடாது. உன்னைப் போலப் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஒவ்வொருவனும் தன் அம்மா எழுதியதோ என்று கொஞ்சம் தலையைச் சொறியட்டும்.

நீ கம்பியூட்டர் படித்தாய். படித்தபின் கிடைத்த வேலையெல்லாம் உனக்குச் சின்னதாகத் தெரிந்தன. வவுனியாவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பழைய கமராக்களும் லென்ஸ்களும் வாங்கி முகநூலில் விற்கத் தொடங்கினாய். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பழையதை வாங்கி விற்பதுதான் என் தொழிலும். என் சாமானுக்கு நாலு கால் இருக்கிறது, அவ்வளவுதான். உன் முகநூல் பக்கத்தை நான் பார்ப்பது உனக்குத் தெரியாது. ஒரு லென்ஸை வாழையிலையில் கிடத்தி, பக்கத்தில் ஒரு கோப்பிக் கோப்பையையும் காய்ந்த பூவையும் வைத்துப் படம் பிடித்து, 'இந்தக் கண்ணாடிக்குள் ஒரு ஆன்மா வாழ்கிறது' என்று எழுதுவாய். தானாக எதுவும் செய்யாதாம், கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பித்தான் தெளிவு பிடிக்க வேண்டுமாம், அப்படித் திருப்புகிறவன்தான் உண்மையான கலைஞனாம். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லாததால் திருப்பினார்கள். அதை நீ தவம் ஆக்கிவிட்டாய். குளக்கட்டில் மீன்கொத்திக்குப் பின்னால் திரிகிற பெடியன்கள் கீழே வந்து 'அண்ணை, வேற லெவல்' என்று எழுதுவார்கள். நான் சிரித்துவிட்டுப் போனை மூடிவிடுவேன். வெறும் பகட்டுத்தானே, ஆருக்கும் நோகவில்லை என்று நினைத்தேன்.

பிறகு, மழை விட்ட கையோடு ஒரு நாள் நீ எனக்குப் போன் எடுத்தாய். குரலில் அப்படி ஓர் உற்சாகம். "அம்மா, தண்ணீரூற்றில ஒரு வீட்டில நாகு மாடு ஒண்டு நிக்குது. நல்ல இனம், முதல் கண்டு வயித்தில. அந்த மனிசிக்கு விலை தெரியாது. புருசன் செத்துப்போச்சு, மகள் லண்டனில, தனிய இருக்கிறா. கெதியாப் போங்கோ, வேற ஆரும் மோப்பம் பிடிக்க முதல்."

"நீ அங்க என்னத்துக்குப் போனனி?" என்று கேட்டேன்.

"ஒரு லென்ஸ் பாக்கப் போனனான். அதை விடுங்கோ. நீங்கள் நாகைப் பாருங்கோ."

நம்முடைய துணுக்காயில் இருந்து தண்ணீரூற்றுக்குப் பஸ் மாறி மாறிப் போனேன். நீ சொன்ன வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்த மனிசியைக் கமலா அக்கா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட வயது கூடியவர், ஒரு கண்ணில் வெண்புரை, முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றார். மாடு பார்க்க வந்தனான் என்றதும் கதிரை கொண்டுவந்து போட்டார். தென்னையின் கீழ் நாகு நின்றது. சிவப்பி. மடி இறங்கத் தொடங்கியிருந்தது. நீ மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்திருந்தேன். நல்ல மாட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. விலை கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு ஒரு ஆட்டுக்கடாவும் வராது.

"அக்கா, இந்த விலையை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒரு தம்பி சொன்னவர். வவுனியாவில இருந்து வந்த பிள்ளை. மாட்டு விலை விழுந்துபோச்சாம், வாற கிழமை இன்னும் விழுமாம். ஆரும் வந்து கேட்டா இந்த விலைக்குக் குடுத்திடுங்கோ அம்மா எண்டவர். தங்கமான பிள்ளை."

அந்தத் தம்பி நீதான். நீ எனக்குத் துப்பு மட்டும் சொல்லவில்லை. நான் வர முதலே எனக்காக விலையையும் அடித்து இறக்கி வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு உதவி செய்திருக்கிறாய்! நான் மெல்ல, அந்தத் தம்பி என்னத்துக்கு வந்தவர் என்று கேட்டேன். கமலா அக்கா சந்தோசமாகச் சொன்னார். தனிமையில் இருக்கிறவர்கள் கேட்டவுடன் சொல்லுவார்கள், அது உனக்கும் தெரிந்திருக்கும்.

அவருடைய புருசன் காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்: பறவைகளைப் படம் எடுப்பது. வெளிநாட்டில் இருந்த அவருடைய தம்பி ஒருவர் தன் பழைய கமராவையும், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் நீளமான ஸூம் லென்ஸ் ஒன்றையும் அவருக்குக் கொடுத்திருந்தார். முழுக்க இரும்பும் கண்ணாடியும், கையால் திருப்புகிறது. விடிய எழும்பி அதைத் தோளில் போட்டுக்கொண்டு நந்திக்கடல் பக்கம் போவாராம், பத்துப் படம் எடுத்தால் ஒன்பது மங்கலாக வருமாம், அந்த ஒன்றைக் கழுவி எடுத்துச் சுவரில் கொழுவுவாராம். செத்து இரண்டு மழை கடந்துவிட்டது. மகள் லண்டனில் இருந்து அந்த லென்ஸைப் பற்றி எங்கோ எழுதிப்போட, நீ வந்திருக்கிறாய்.

"வந்த உடன அம்மா எண்டுதான் கூப்பிட்டவர். கிணத்தில தண்ணி அள்ளித் தந்தவர். லென்ஸை யன்னலடியில கொண்டுபோய்ப் பாத்தவர். பாத்திட்டு மூஞ்சி வாடிப்போச்சு. உள்ளுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிட்டுதாம். எங்க தம்பி, எனக்குத் தெரியேல்லையே எண்டன். உங்கட கண்ணுக்குத் தெரியாது அம்மா எண்டவர். அது மற்றச் சாமானுக்கும் பரவுமாம். வீட்டில வைச்சிருக்கக் கூடாதாம். ஒருத்தரும் வாங்கமாட்டினம், நான் கொண்டுபோய் ஒரு மாதிரி அழிக்கிறன் எண்டு எடுத்தவர். எண்டாலும் சும்மா எடுக்க மனமில்லை எண்டு ஒரு சின்னத் தொகை தந்தவர் பாருங்கோ."

நான் எழும்பினேன். "அக்கா, மாட்டு விலை விழேல்லை. நீங்கள் சொன்னதைவிட மூண்டு மடங்கு கேளுங்கோ. நானே திரும்பி வந்து கேட்டாலும் குறைக்காதேங்கோ." அவர் என்னை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மாடு வாங்க வந்து விலையைக் கூட்டிவிட்டுப் போகிற வியாபாரியை அவர் கண்டிருக்கமாட்டார். நானும் கண்டதில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பொய்யே பேசாத தெய்வப் பிறவி இல்லை. பெண்பிள்ளைக்கு மாடு பார்க்கத் தெரியுமோ என்று பட்டிக்காரர்கள் என் முகத்துக்கு நேரே சிரித்த காலத்தில் இருந்து இந்தத் தொழில் செய்கிறேன். மாட்டின் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், பாலைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். வாங்க வந்தவன் பல்லைத் திறந்து பார்த்துவிட்டு, கிழட்டு மாடு என்று அவன் பங்குக்குப் பொய் சொல்லுவான். இரண்டு பேருக்கும் மற்றவர் பொய் சொல்வது தெரியும், இரண்டு பேரும் வெற்றிலை போட்டுவிட்டு நடுவில் ஒரு விலைக்கு வருவோம். அதற்குப் பெயர் வியாபாரம். கண் சரியாகத் தெரியாத மனிசிக்கு, உங்கட கண்ணுக்குத் தெரியாது என்று சொல்வதற்குப் பெயர் அது இல்லை. அதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. வெட்கம் இல்லாமல் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து உன் பக்கத்தைத் திறந்தேன். அது இருந்தது, வாழையிலையில். 'ஒரு கீறல் இல்லை, தூசி இல்லை, பூஞ்சணம் அறவே இல்லை, ஒரே ஆள் பொத்திப் பொத்திப் பாவித்தது, பளிங்கு' என்று எழுதியிருந்தாய். நீ கேட்ட விலைக்குக் கறவை மாடு ஒன்று வாங்கலாம், கன்றோடு. அப்பாவிடம் காட்டினேன். உன் அப்பா எதையும் விடச் சொல்கிற மனிதர். "பெடியன் தொழில் செய்யிறான், விடப்பா. அவனுக்கும் கலியாணச் செலவு இருக்கு" என்றார். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கமலா அக்காவிடம் பூஞ்சணம் இருக்கிறது என்றாய், ஊருக்கு இல்லை என்கிறாய். நீ யாரை ஏமாற்றினாய் என்று தெரியாமல் உன்னை எப்படி அளவாகத் திட்டுவது? அதனால் அந்த லென்ஸை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பால் சேகரிக்கும் இடத்தில் வேலை செய்யும் செல்வியை உனக்குத் தெரியாது. நீ போனபின் வந்தவள். அவளுடைய போனில் இருந்து, என் குசினியில் இருந்தபடிதான் உனக்குச் செய்திகள் வந்தன. புருசனின் பிறந்தநாளுக்கு வாங்கப் போகிறேன் என்று எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள், உன் பதில்களை அவள் சத்தமாக வாசித்தாள்.

"தம்பி, உள்ளுக்குள்ள பூஞ்சணம் ஏதும் இருக்கோ?"

"அக்கா, நான் சாமி கும்பிடுறவன். சொட்டும் இல்லை."

"ஆரின்ரை லென்ஸ் இது?"

"என்ர அப்பான்ரை, அக்கா. அவர் உயிரா வைச்சிருந்தது. அம்மாவுக்கு ஒப்பரேசன், அதாலதான் மனமில்லாமல் விக்கிறன்."

செல்வி வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அடுப்படியில் நின்ற அப்பா, "எனக்கு எப்ப கமரா இருந்தது?" என்று கேட்டார்.  விடப்பா என்று அவர் சொல்லாத முதல் நாள் அது. எனக்கு என்ன ஒப்பரேசன் மகனே? வயிற்றிலா, நெஞ்சிலா? அதையும் கேட்டு எழுது என்று செல்வியிடம் சொல்ல வாய் வந்தது. நீ அதற்கும் ஒரு வருத்தத்தைக் கண்டுபிடித்து எழுதுவாய், பிறகு அது எனக்கு வந்தாலும் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

வவுனியா பஸ் நிலையத்தில் வந்து வாங்கச் சொன்னாய். செல்வி இறங்கி உன்னிடம் வந்தாள். நான் இறங்கவில்லை, சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸின் யன்னலோரம் இருந்தேன். நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டிருப்பாய். நல்ல வெள்ளைச் சேட்டு, பெருமாளுக்கு முன்னால் நிற்பது போல ஒரு பணிவு. லென்ஸை உறையில் இருந்து எடுத்தாய், நீட்டிக் காட்டினாய், குறுக்கிக் காட்டினாய், வளையத்தைத் திருப்பிக் காட்டினாய். என் காசு உன் கைக்கு வந்தபின், லென்ஸைக் கொடுக்க முதல் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். செல்வி பிறகு சொன்னாள், அந்த நேரம் உன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றதாம். நான் உன்னைப் பெற்ற நாளில் இருந்து பார்க்கிறேன். உன் அப்பம்மாவின் செத்த வீட்டில்கூட உனக்கு அழுகை வரவில்லை.

செல்வி திரும்பி ஏறி, பஸ் கிளம்பியதும் லென்ஸின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் போனின் ரோச் வெளிச்சத்தைப் பிடித்து மறுபக்கத்தால் பார்த்தேன். அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று உன் பக்கத்தில் நீதான் எழுதியிருந்தாய். நடுவில் தெளிவு. ஓரத்தில், சிலந்தி ஒரு நூலை விட்டுவிட்டுப் போனது போல, மெல்லிய வெள்ளை இழை ஒன்று. அவ்வளவுதான். செல்வி தனக்குத் தெரிந்த படக்கடைக்காரரிடம் காட்டினாள். அது படத்தில் விழாது, கழற்றித் துடைத்தால் போய்விடும் என்றார். பக்கத்தில் இருக்கிற சாமானுக்கு ஒட்டிப் பரவுமோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஈரக் காற்றில் வைத்தால் எந்தக் கண்ணாடியிலும் வரும், நோய் போலத் தொற்றாது என்றார்.

ஆக, நீ இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறாய். அதே இழையைக் கமலா அக்காவிடம் கொள்ளை நோய் ஆக்கினாய், செல்வியிடம் இல்லாமலே ஆக்கினாய். உண்மை நடுவில் கிடந்தது, அதைச் சொல்லியே நியாயமான விலைக்கு வாங்கி நியாயமான லாபத்துக்கு விற்றிருக்கலாம். உனக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இல்லை. இது பசியில் செய்த வேலை இல்லை, அதனால்தான் எனக்குப் பரிதாபமும் வரவில்லை.

லென்ஸைக் கொண்டு திரும்பவும் தண்ணீரூற்றுக்குப் போனேன். கமலா அக்கா என்னைக் கண்டதும், "மாட்டுக்கோ?" என்று கேட்டார். இல்லை அக்கா என்று சொல்லி, லென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். கண்ணால் பார்க்க முதல் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார். வளையத்தில் ஒரு இடம் தேய்ந்து மினுங்கும், அதில் பெருவிரலை வைத்தார்.

"இது எப்பிடி உங்களிட்டை?"

"உங்களிட்டை வந்தவன் என்ர மகன் அக்கா. இதில பெரிய பழுது ஒண்டும் இல்லை. அவன் பொய் சொன்னவன்."

பெருவிரலை வளையத்தில் இருந்து எடுத்தார். பிறகு கேட்டார், "அப்ப நீங்கள் அண்டைக்கு ஏன் வந்தனீங்கள்?"

"விலை தெரியாத மனிசி ஒராள் இருக்கிறா எண்டு அவன் சொன்னபடியா வந்தனான்." மறைக்கவில்லை. மறைத்திருந்தால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்திருக்காது.

 அவர் லென்ஸை மடியில் வைத்து வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். "அப்ப அது பரவாதோ?" என்று கேட்டார்.

"பரவாது அக்கா."

"ஒண்டுக்கும்?"

"ஒண்டுக்கும் பரவாது. ஏன் கேக்கிறியள்?"

"தம்பி போன பிறகு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அதோட சேத்து வைச்சிருந்த எல்லாத்தையும் ஒரு பையில கட்டி, பின்வளவுப் பாழ்ங்கிணத்தில போட்டிட்டன். கமராவையும் போட்டிட்டன். அவர் வாசிக்கிற மூக்குக்கண்ணாடியும் அதுக்குள்ளதான். கழுவினாப் போகாதோ எண்டு யோசிச்சனான். பிறகு மகள் வந்தா அவளின்ரை பிள்ளையளுக்கும் தொத்தினாலும் எண்டு, அதையும் போட்டிட்டன்."

கிணற்றைப் போய்ப் பார்த்தேன். மாரித் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது, பச்சையாக, அடி தெரியாமல். நான் கையில் கொண்டுவந்த லென்ஸைப் பூட்ட இனி அந்த வீட்டில் கமரா இல்லை. நீ அந்த மனிசியிடம் எடுத்தது ஒரு லென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். விலையை இன்னும் கொஞ்சம் இறக்குவதற்காக, போகிற போக்கில், யோசிக்காமல் ஒரு சொல்லுச் சொன்னாய். நீ அதை மறந்தும் போயிருப்பாய். அந்தச் சொல்லை நம்பி அவர் தன் புருசனின் மூக்குக்கண்ணாடியைக் கிணற்றில் போட்டிருக்கிறார். எறியும்போது அவர் அழுதாரோ தெரியாது, நான் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் ஆன்மா கண்டுபிடிக்கிற நீ கேட்டுப் பார்.

திரும்பி வந்து முற்றத்தில் நின்றேன்.    என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், அப்படித் திட்டியிருந்தால் எனக்கும் இலேசாக இருந்திருக்கும்.

"தம்பிக்குக் கலியாணம் எப்ப?" என்று கேட்டார்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர்தான் சொன்னவர். போகேக்க காலில விழுந்து கும்பிட்டவர். காட் கொண்டந்து தருவன், நீங்கள் கட்டாயம் வந்து வாழ்த்தவேணும் எண்டவர். மகளிட்டையும் போனில சொன்னனான். ஒரு சீலையும் எடுத்து வைச்சிருக்கிறன். காட் இன்னும் வரேல்லை."

அட்டைகளில் ஒன்று என் பைக்குள் இருந்தது, வழியில் இருந்த ஒரு உறவுக்காரருக்கு என்று கொண்டுபோனது. அதை எடுத்து, அவருடைய பெயரை என் கையால் எழுதி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதை நல்ல கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். "பொன் எழுத்து," என்றார். "வாறன். ஆனா தனிய வர ஏலாது, கண் வடிவாத் தெரியாது." நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, உன் கலியாணத்துக்கு வருவேனோ என்று நீ இனிக் கேட்கத் தேவையில்லை. வருவேன். கமலா அக்காவும் என்னோடு வருவார், முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருப்பார். நான் யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், அப்பாவும் சொல்லமாட்டார். தாலி கட்டி முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க எங்களிடம் வருவீர்கள். நீ அம்மா என்று கூப்பிட்ட இரண்டு பேரும் அங்கே இருப்போம். உன்னை நம்பி வருகிற அந்தப் பிள்ளை கமலா அக்காவைப் பார்த்துவிட்டு, "இவா ஆர்?" என்று உன்னிடம் கேட்பாள். அதற்கு நீ என்ன சொல்லுகிறாய் என்று கேட்கத்தான் நான் வருகிறேன்.

அம்மா